நிறைவாக இருக்கிறது

காரைக்குடி மங்கல அறப்பணிப் பேரவையின் அலுவலகத்தில் சில சொற்களை யாரும் சொல்லக் கூடாது. இல்லை, தீர்ந்தது, உடைந்தது, செத்தது ஆகியவை முதல் வரிசை. வாய்தவறிச் சொன்னவர் எழுந்துபோய்ப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் தலையில் குட்டிக்கொண்டு வர வேண்டும். அங்கே பல்பு ஃபியூஸ் ஆகாது, மலையேறும். டம்ளர் உடையாது, பெருகும். எதுவும் தீர்ந்துபோகாது, நிறைந்துவிடும். "டீத்தூள் நிறைஞ்சிருக்கு" என்று காதில் விழ, டீ வருமென்று நம்பி வெகுநேரம் உட்கார்ந்திருந்த வெளியூர் விருந்தாளிகள் உண்டு. குளியலறையில் தண்ணீர் நிறைந்திருக்கிறது என்றால் வாளியோடு போக வேண்டும் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும்.

வீடுகளில் அரிசிப் பானைக்கு முன்னால் சொல்லும் வழக்கம்தான். பேரவை அதைச் சட்டமாக்கியது. அறம் செய்கிற இடத்தில் அமங்கலம் வாயில் வரலாமா என்று தலைவர் கார்த்திகேய சிவம் கேட்பார். வரலாம் என்று சொல்லும் தைரியம் அங்கே சம்பளம் வாங்கிய யாருக்கும் இருந்ததில்லை.

பேரவைக்கு நான்கு பணிகள். கல்யாண மண்டபம் கொடுப்பது, பந்திப் பாத்திரம் கொடுப்பது, பந்தலும் நாற்காலியும் கொடுப்பது, குளிர்பெட்டி கொடுப்பது. குளிர்பெட்டி என்பது சாவு வீட்டில் உடலைக் கெடாமல் வைக்கிற கண்ணாடி மூடிப் பெட்டி. ஊரில் ஐஸ் பெட்டி என்பார்கள். பேரவையிடம் ஒன்றே ஒன்று இருந்தது. நாலாவது பணியைப் பற்றி மேடையில் பேசும்போது மட்டும் தலைவர் "முதலியன" என்று முடித்துக்கொள்வார்.

இந்த நிலையில்தான் பேரவை காலத்தோடு ஒத்துப்போக முடிவெடுத்தது. சென்னையில் ஒரு கம்பெனி செயற்கை அறிவு ஏஜென்ட் ஒன்றை அமைத்துக் கொடுத்தது. வாட்ஸ்அப்பில் வருகிற கோரிக்கையை அது படிக்கும், எந்தப் பணி வேண்டும் என்று தானே தேர்ந்தெடுக்கும், வண்டிக்கு உத்தரவு போடும். ஏஜென்ட் என்ற பெயர் இன்சூரன்ஸ் ஆளைப் போல இருக்கிறதென்று அதற்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். பிள்ளையார்பட்டியில் அதன் பெயருக்கு அர்ச்சனை செய்யப் போனபோது குருக்கள் நட்சத்திரம் கேட்டார். செயலாளர் வெங்கட்ராமன் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, எதையும் விசாரிக்காமல் விடமாட்டார். கம்பெனிக்குப் போன் போட்டு, அது முதலில் ஓடத் தொடங்கிய நாளையும் நேரத்தையும் வாங்கிப் பஞ்சாங்கத்தில் பார்த்தார். கேட்டை. தலைவர் முகம் சுளித்தார். ஓடிக்கொண்டிருந்ததை அமர்த்தி, ரோகிணி வரும்வரை காத்திருந்து, மறுபடி புதிதாகப் பிறக்க வைத்தார்கள்.

கணக்கப்பிள்ளைக்குப் பணி விளக்கம் எழுதும் வேலை வீரலட்சுமிக்கு வந்தது. தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு, கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்து, பிறகு பேரவை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். தன் எழுத்தை மனிதர்கள் படித்ததாகவே அவளுக்கு ஞாபகமில்லை. கம்பெனிப் பெண் ஜனனி வீடியோவில் வந்து வேலையைச் சொன்னாள்.

"அது ரொம்ப புத்திசாலிங்க. ஆனா காரைக்குடியில பொறந்து வளரல. நம்ம குடுக்கிற ஒவ்வொரு பணியும் அதுக்கு ஒரு டூல். இந்த டூல் எதுக்கு, எப்ப எடுக்கணும், எப்ப எடுக்கக் கூடாதுன்னு நேரா எழுதுங்க. நாளைக்கு வேலைக்குச் சேர்ற வெளியூர் ஆளுக்குச் சொல்ற மாதிரி."

வீரலட்சுமி அப்படியே எழுதினாள். குளிர்பெட்டி: ஒரு வீட்டில் யாராவது இறந்துபோனால் உடலை வைப்பதற்கான பெட்டி. சாவு வீட்டுக்கு மட்டும் அனுப்பவும். கல்யாண வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பெட்டி கைவசம் இல்லாவிட்டால், இல்லை என்று உடனே சொல்லவும், அவர்கள் வேறு இடத்தில் பார்த்துக்கொள்வார்கள். சோதனைக்குப் பத்துப் பதினைந்து கோரிக்கைகளைப் போட்டுப் பார்த்தாள். கணக்கப்பிள்ளை ஒன்றில்கூடத் தப்பவில்லை. வண்டி ஓட்டும் இராமுவே, இது நம்ம செயலாளரைவிட விவரமா இருக்கேக்கா என்றான்.

விளக்கத்தை அங்கீகரிக்க நிர்வாகக் குழு கூடியது. தலைவர் தாளை எட்டப் பிடித்துக்கொண்டு படித்தார். பாதியிலேயே எழுந்து பிள்ளையாரிடம் போய்விட்டு வந்தார். செயலாளர் எட்டிப் பார்த்து, "ஒரே பத்தியில இத்தனை எழவா" என்று கேட்டுவிட்டு, தாம் சொன்னது உறைத்ததும் அவரும் எழுந்து போனார்.

தலைவர் பேசினார். "இந்தப் பத்திரத்தை விநாயகர் பாதத்துல வைக்கப்போறோம். அவர் படிச்சா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாரு? உபகாரம் பண்றது யாரு வேணும்னாலும் பண்ணலாம். அதை எந்த வார்த்தையில பண்றோம்கிறதுதான் பேரவை."

அதன்பிறகு திருத்தம் நடந்தது. உடல் போயிற்று. சாவு போயிற்று. குளிர்பெட்டி என்பது ஐஸ்கிரீம்காரன் சொல்லைப் போல இருக்கிறதென்று சாந்திப் பேழை ஆயிற்று. ஒவ்வொரு விளக்கமும் மங்கலமாகத் தொடங்க வேண்டும் என்றார் ஓர் உறுப்பினர். மாலை போடுவார்களே, அதையும் சேர்த்தால் என்ன என்றார் இன்னொருவர். கடைசியில் இப்படி வந்து நின்றது: மங்கலம் உண்டாகட்டும். சாந்திப் பேழை, பெரிய காரியம் நடைபெறும் இல்லங்களுக்கு உரிய மரியாதையுடன் அனுப்பப்படும் மங்கலப் பொருள். மாலைகளோடு விளங்கும். குளிர்ச்சி தரும்.

பெரிய காரியம் என்றால் நம் பக்கத்தில் சாவு என்று எல்லோருக்கும் தெரியும். வெளி ஆளுக்கு இது புரியாதே ஐயா என்று வீரலட்சுமி மெதுவாகச் சொன்னாள். புரிய வேண்டியவகளுக்குப் புரியும் என்றார் தலைவர். அவள் அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அவள் பங்குப் பாவம் பாதியாகியிருக்கும்.

கடைசி வரி மிச்சமிருந்தது. பெட்டி கைவசம் இல்லாவிட்டால் என்ன சொல்வது? அப்போது வீரலட்சுமி, யாரும் கேட்காமல், வாயைத் திறந்தாள். "நம்ம வழக்கப்படியே, எதைக் கேட்டு அது நம்மகிட்ட இல்லாட்டியும் 'நிறைவாக இருக்கிறது'ன்னு சொல்லச் சொல்லிரலாம்யா."

தலைவர் மேசையைத் தட்டினார். இந்தப் பிள்ளைக்குத் தமிழும் தெரியுது, தமிழர் பண்பாடும் தெரியுது என்றார். அங்கேயே பொன்னாடை போர்த்தினார்கள். அச்சகத்தில் ஏழு வருஷம் ஒற்றெழுத்துப் பார்த்தவளுக்கு அது முதல் பொன்னாடை. மனசு குளிர்ந்துபோயிற்று, அதை மறுத்துப் பயனில்லை.

ஜனனி போனில் ஒரு தடவை கேட்டாள். இல்லன்னா நிறைவா இருக்குன்னு சொல்லணுமா, கன்ஃபார்மா? இங்க அப்படித்தான் என்றாள் வீரலட்சுமி. புது விளக்கத்தை டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா என்று ஜனனி கேட்டாள். பார்த்தாச்சு என்றாள். பார்த்தது பழைய விளக்கத்தை. புதியதைப் பார்த்தால் என்ன வரும் என்று அவளுக்கு ஓரளவு தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் பார்க்கவில்லை.

அக்கினி நட்சத்திரம் நடக்கிற ஒரு நாள் காலை இரண்டு கோரிக்கைகள் வந்தன. ஒன்று தலைவரின் தங்கை சாலா ஆச்சியிடமிருந்து. மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணம். வீட்டில் கலியாணம், பெரிய காரியம், பேரவையால் ஆன ஒத்தாசை என்னென்ன உண்டோ அனுப்பி வைங்க என்று எழுதியிருந்தார். இன்னொன்று ஒக்கூரிலிருந்து சோணை என்ற விவசாயி அனுப்பியது. எங்க அம்மா பொன்னுத்தாயி விடியக்காலம் செத்துப்போச்சு, தங்கச்சி மஸ்கட்லருந்து ராத்திரி வந்து மூஞ்சி பாக்கணும், நாளைக்குத்தான் எடுக்குறோம், ஐஸ் பெட்டி வேணும்.

கணக்கப்பிள்ளை இரண்டையும் படித்தது. ஆச்சி வீட்டுக்குப் பாத்திரம், நாற்காலி, சாந்திப் பேழை என மூன்றையும் அனுப்பியது. சோணைக்குப் பணிவாகப் பதில் போட்டது: தங்கள் இழப்பிற்கு வருந்துகிறோம். இறப்புக்கான சேவை பேரவையில் நிறைவாக இருக்கிறது.

இராமுவுக்கு உத்தரவு வந்தது. கல்யாண வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் அவன் நினைத்தான். செயலாளர் சொல்லி வைத்திருந்தபடி பெட்டியின் மேல் பட்டுத் துணி போர்த்தி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். வாசலில் மேளக்காரர்கள் பட்டைப் பார்த்ததும் சீர் வருகிறதென்று எழுந்து நின்று வாசித்தார்கள். ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்து, அவன் கையில் நன்னாரி சர்பத்தைக் கொடுத்தார்கள். இது என்ன பெட்டி தம்பி என்று ஒரு அம்மாள் கேட்டபோது, பேரவையில் சொல்லக் கூடாத அத்தனை வார்த்தைகளும் அவன் நாக்கு நுனியில் வந்து நின்றன. மங்கலப் பொருள் ஆச்சி, குளிர்ச்சி தரும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். பூ வாடாமல் இருக்குமென்று, பட்டின் ஓரத்தை மட்டும் தூக்கி, மாலைகளை எல்லாம் அதற்குள் வைத்தார்கள்.

விவரம் தெரிந்த ஒரு உறவினர் பட்டை முழுதும் விலக்கிப் பார்த்ததும் வியர்த்துப்போய், சத்தமில்லாமல் பெட்டியைக் கார் ஷெட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுத் தலைவருக்குப் போன் செய்தார். அதே நேரத்தில் சோணை பேரவைக்குப் போன் செய்தான். எடுத்தது வீரலட்சுமி.

"தாயி, நிறைவா இருக்குன்னு சொன்னீக. இன்னும் வரலையே. வெயில் ஏறுது."

அவள் திரையில் பதிலைப் படித்தாள். முடிவில் நின்றது அவளுடைய வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல். இராமுவைக் கேட்டாள். பெட்டி கல்யாண வீட்டில் இருக்கிறதென்று அவன் சொன்னான். அந்தக் கணத்தில் சோணையிடம், பெட்டி இல்லைண்ணே, வேற எங்கயாச்சும் பாருங்க என்று சொல்லியிருக்கலாம். சிவகங்கையில் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் பக்கத்து மேசையில் செயலாளர் இருந்தார், இல்லை என்ற சொல் அங்கே கூடாது. "வந்துரும்ணே. வந்துக்கிட்டு இருக்கு" என்றாள்.

அவசரக் கூட்டம் கூடியது. ஒக்கூருக்குப் பெட்டி வேண்டும் என்று வீரலட்சுமி முதலிலேயே சொன்னாள். அது இரண்டாவது பொருளாகக் குறிக்கப்பட்டது. முதல் பொருள் கணக்கப்பிள்ளையின் நடத்தை. ஜனனியை வீடியோவில் அழைத்து அதையே விளக்கம் கேட்கச் சொன்னார்கள். அது ஒளிக்காமல் எழுதியது: சாந்திப் பேழையின் விளக்கத்தில் மரணம் பற்றி எதுவும் எழுதப்படவில்லை. பெரிய காரியத்துக்கான மங்கலப் பொருள் என்று இருந்தது. ஆச்சி அவர்கள் பெரிய காரியம் என்று எழுதியிருந்தார்கள். சோணை அவர்கள் கேட்ட சேவை எந்த விளக்கத்திலும் இல்லை. அப்படியானால் நிறைவாக இருக்கிறது என்று சொல்லும்படி எனக்கு எழுதப்பட்டிருக்கிறது. அதன் பொருள் சோணை அவர்களுக்கு வேறாகப் பட்டிருக்கலாம். அவருக்குப் பெட்டி இன்னும் தேவை.

செயலாளர் படித்துவிட்டு, இதிலேயே எத்தனை அமங்கலம் பாருங்க, ரோகிணியில பிறந்தும் திருந்தலையே என்றார். பெட்டியை ஷெட்டிலிருந்து எடுத்து அனுப்பலாமா என்று யாரோ கேட்டார்கள். தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரக வாராக. கல்யாண வீட்டுக்குள்ள போன அந்தப் பெட்டி வெளிய வந்தா என்ன அர்த்தம்? உள்ளயே இருந்தா அது வெறும் பெட்டி. வெளிய வந்தாத்தான் சகுனம். நாளைக்குத் தாலி ஏறட்டும், அப்புறம் எடுத்துக்குவோம். இந்தப் பேரவையில இன்ன வரைக்கும் ஒரு தப்பு நடந்ததில்ல. ஏன்னா அந்த வார்த்தையே நம்ம ரெக்கார்டுல கெடையாது. இதைத் தெய்வச் செயல்னு எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். சாந்திப் பேழை என்ற பெயரில்தான் கோளாறு, ஆனந்தப் பேழை என்று மாற்றலாமா என்ற விவாதம் சாப்பாட்டு நேரம் வரை நடந்தது. வாழையிலையில் கவுனி அரிசி இனிப்பு வந்தது. இரண்டாவது பொருள் சாப்பாட்டுக்குப் பின் என்றார்கள். இதற்குள் சோணை மூன்று தடவை கூப்பிட்டுவிட்டான். முதல் இரண்டு தடவையும் அவள் வந்துரும் என்றாள். மூன்றாவது தடவை போனை எடுக்கவில்லை. இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு, ஏதோ ஒரு கூரைக்குக் கீழே ஒரு கிழவி வெக்கையில் கிடப்பதும், சுற்றியிருப்பவர்கள் வாசலைப் பார்ப்பதும் கண்ணுக்கு முன்னால் வந்தன. எழுந்து கையைக் கழுவிவிட்டு, இராமுவைக் கூட்டிக்கொண்டு நேரே கல்யாண வீட்டுக்குப் போனாள்.

நடுவீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாலா ஆச்சி புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பந்திக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். வீரலட்சுமி அவரைத் தனியே அழைத்தாள். இந்த வீட்டில் இன்றைக்குச் சொல்லக் கூடாததைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"ஆச்சி, ஷெட்டுல இருக்கிறது சாவுக்கு விடுற ஐஸ் பெட்டி. ஒக்கூர்ல ஒரு அம்மா செத்துக் கெடக்காக. அவுகளுக்குப் போக வேண்டியது. நான் எழுதினது சரியில்லாம இங்குட்டு வந்துருச்சு."

ஆச்சியின் முகம் வெளுத்தது. ஒரு தடவை கோலத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டது சகுனத்தைப் பற்றி அல்ல.

"எப்பச் செத்தாக?"

"விடியக்காலம்."

"விடியக்காலமா? அண்ணனுக்குத் தெரியுமா? காலையில கேட்டிருந்தா முன்வாசல் வழியாவே குடுத்து விட்டிருப்பேனே. எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே, ஆத்தா."

இராமுவோடு தாமும் ஒரு பக்கம் கை கொடுத்து மாலைகளை வெளியே எடுத்தார். பெட்டி முன்வாசல் வழியாகத்தான் போனது. மேளக்காரர்கள் எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் பாதி எழுந்தார்கள். வானம் இடிந்து விழவில்லை.

ஒக்கூர் போகிற வழியெல்லாம் இராமு வண்டியை விரட்டினான். அனல் காற்று கண்ணாடி வழியாக முகத்தில் அடித்தது. சோணையைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரந்தான், பொழுது இருக்கிறது, பெட்டியில் வைத்துவிட்டால் ராத்திரி தாங்கும், மகள் வந்து பார்த்துவிடுவாள் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் வாழ்க்கையில் எந்த எழுத்தையும் இவ்வளவு ஆசையாகத் திருத்த நினைத்ததில்லை.

ஊருக்குள் திரும்பும்போது எதிரே ஆண்கள் கூட்டமாக நடந்து வந்தார்கள். தலையும் துண்டும் ஈரமாக இருந்தன. இராமு வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

சோணை அவனாகவே வண்டிக்குப் பக்கத்தில் வந்தான். மீசை இல்லாமல், மழித்த தலையோடு நின்றவன் வண்டிக்குள் பெட்டியைப் பார்த்தான். வீரலட்சுமி இறங்கி, தான் இன்னார் என்று சொன்னாள். தான்தான் போனில் பேசியவள் என்றும் சொன்னாள்.

"தாங்கலை தாயி. உச்சி வெயிலுக்கே வாடை வந்துருச்சு. பெரிய மனுசக, இதுக்கு மேல வைக்கிறது பாவம்னுட்டாக. எடுத்து எரிச்சாச்சு." அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். "காலையிலேயே இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீகன்னா, செவகங்கையில எடுத்திருப்பேன். நிறைவா இருக்குன்னீகளேன்னு அங்குட்டுப் போகாம இருந்துட்டேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மன்னிப்பு என்பதற்கு அவளுக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் அச்சடித்த பத்திரிகைத் தமிழாகவே வந்தன. அப்போது அவன் கையிலிருந்த போன் அடித்தது. அவன் பெயரைப் பார்த்தான், எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது.

"தங்கச்சி. செந்தாமரை. மஸ்கட்ல ஏர்போர்ட்டுல நிக்கிது. மத்தியானம் கேட்டப்ப, பெட்டி வந்துக்கிட்டு இருக்குன்னு நீங்க சொன்னதையே சொல்லி வச்சிருக்கேன். நாலு வருஷமாச்சு அது அம்மாவப் பாத்து. என்னால முடியாது. நீங்களே சொல்லுங்க."

போனை அவள் கையில் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப்போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

வீரலட்சுமி காதில் வைத்தாள். அந்தப் பக்கம் மூச்சிரைக்க ஒரு குரல், அண்ணே, பெட்டியில வச்சாச்சா, அம்மா மூஞ்சி நல்லா இருக்கா என்று கேட்டது.

"நான் அண்ணன் இல்லம்மா. பெட்டி குடுக்கிற எடத்துலருந்து பேசுறேன்." அவள் நிறுத்தவில்லை, நிறுத்தினால் சொல்ல முடியாது என்று தெரிந்தது. "பெட்டி நேரத்துக்கு வரலை. அம்மாவ எரிச்சாச்சு. ஒங்க அண்ணன் மேல தப்பில்ல. நான் தப்பா எழுதினேன், கேட்டப்ப பொய்யும் சொன்னேன். நீங்க வந்து பாக்க அம்மா இல்லம்மா."

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வசவு வரும் என்றும் காத்திருந்தாள், வந்தால் தேவலாம் என்றிருந்தது. இரண்டும் வரவில்லை. அந்தப் பக்கம் யாரோ அரபியில் ஒலிபெருக்கியில் பேசுவது மட்டும் கேட்டது. பிறகு செந்தாமரை, வழி கேட்கிறவளைப் போல, மெதுவாகக் கேட்டாள்.

"பிளேன்ல ஏறச் சொல்லிக் கூப்புடுறாக. நான் இப்ப ஏறவா, வேண்டாமா?"